நல்ல செட்டர், திணறுற சூப்பர்வைசர்: அடுத்து என்ன பண்ணலாம்?

மைக்ரான் (கோவை)

வணக்கம்ங்க. இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் எழுதறேன்.

கோவையில ஒரு சி.என்.சி. ஷாப்புல (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல் மிசின் இருக்கற இடம்) வேலை. ஐ.டி.ஐ. டர்னர் முடிச்சு ஆபரேட்டரா சேந்து, செட்டராகி (புது ஜாப்புக்கு மிசினைத் தயார் பண்றவர்), போன வருசம் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்குனாங்க. பம்ப் ஷாஃப்ட், வால்வு பாடி, கொஞ்சம் ஆட்டோமொபைல் ஜாப் ஓடுதுங்க. எங்கிட்ட இருக்கற சரக்கு ஒண்ணே ஒண்ணுதான். மிசின் சத்தத்தை வெச்சே இன்சர்ட் (வெட்டற முனை) தேஞ்சிருச்சா, ஜாப் சக்குல (ஜாப்பைப் பிடிச்சுச் சுத்தற பிடி) சரியா உக்காரலையான்னு சொல்லிருவேன். புது ஜாப் ஏத்தினா முதல் பீஸ், மிஞ்சிப்போனா ரெண்டாவது பீஸ் ஓகே ஆயிரும். அதைப் பாத்துத்தான் பதவியே குடுத்தாங்க.

இப்ப நடக்கறது வேற. ஷிப்ட் ஆரம்பிக்கறப்பவே ஆள் வரலைன்னு ஏதாவது மிசின் நிக்கும். ஒருத்தரை மாத்திப் போட்டுட்டு நிமிந்தா, "அண்ணா, போர் சைஸ் இறங்குது"ன்னு, அதாவது துளை அளவு குறையுதுன்னு கூப்பிடுவாங்க. நான் போயி பாத்து, இன்சர்ட் மாத்தி, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) குடுத்து ஓட விட்டுட்டு வந்தா அடுத்த மிசின்ல ஃபினிஷ் வரலைன்னு நிப்பாங்க. ரிப்போர்ட் எழுதறதெல்லாம் ஷிப்ட் முடிஞ்ச பொறவுதான். டீ குடிக்க நேரமில்லைங்க.

மேனேஜர் சொல்றாரு, "நீ இருந்தா உற்பத்தி வருது, நீ லீவு போட்டா படுத்துருது. நீ இன்னும் லீடர் ஆகல." அப்ரைசல்ல கம்யூனிகேஷன், டெலிகேஷன் (வேலையைப் பிரிச்சுக் குடுக்கறது), டைம் மேனேஜ்மென்ட் மூணுலயும் முன்னேற்றம் தேவைன்னு எழுதிட்டாங்க. சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்றாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இல்லாததை வளத்துறதுக்கு ஓடணுமா, இருக்கறதை வளத்துறதுக்கு ஓடணுமா? இல்ல, பேசாம செட்டராவே திரும்பிடலாமுங்களா?

அடிசன்பேட்டை

திரும்பிப் போகாதீங்க. கீழே வேலை செய்யறவங்க முன்னாடி மரியாதை போயிரும்.

பி.எஃப்._புலி

மரியாதை மாசக் கடைசியில பால்காரருக்குக் குடுக்கற காசு ஆகுமா? தம்பி, உங்க ஓ.டி. என்ன ஆச்சு? அதை யாருமே கேக்கலையே.

தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 59 (2025 நவம்பர்ல புதுச் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் இருந்தது). கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் ரெண்டு மடங்கு. செட்டரா இருந்தப்ப அது உங்க கைக்கு வந்துட்டு இருந்துச்சு. மேற்பார்வைப் பதவியில இருக்கறவங்களுக்கு விதிவிலக்கு குடுக்கலாம்னு அதே சட்டத்துல இடம் இருந்துச்சு. அதனாலதான் பல ஷாப்புகள்ல ஓ.டி. அதிகம் வாங்கற கெட்டிக்காரனாப் பாத்து சூப்பர்வைசர் சட்டை மாட்டி விடுவாங்க. பழைய தொழிற்தகராறுச் சட்டத்துலயும் மேற்பார்வையாளருக்கு ஒரு சம்பள வரம்பு இருந்துச்சு, அதைத் தாண்டினா நீங்க "தொழிலாளி" இல்ல. முதல்ல 500 ரூபா, அப்புறம் 1,600 ரூபாயா இருந்தது, 2010ல 10,000 ஆக்குனாங்க. அதுக்குப் பதிலா வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்புல 18,000. ஆனா ஒண்ணு, பேட்ஜ்ல என்ன போட்டிருக்குன்னு கோர்ட் பாக்காது. கையால செஞ்ச முக்கிய வேலை என்னன்னுதான் பாக்கும். நீங்க சொல்றதைப் பாத்தா இன்னும் முக்கால்வாசி நேரம் செட்டர் வேலைதான் செய்யறீங்க.

முதல்ல பழைய சம்பளச் சீட்டையும் புதுச் சம்பளச் சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தலைமைப் பண்பு பத்தி அப்புறம் பேசலாம்.

மைக்ரான்

பாத்தேன்ங்க. மாசம் பூரா ஓ.டி. ஓடுன காலத்தோட ஒப்பிட்டா கையில வர்றது கொஞ்சம் கம்மிதான். வீட்டுல இன்னும் சொல்லல.

லாங்_ஆன்

சம்பளத்தை விடுங்க, இந்தக் கேள்விக்கு கிரிக்கெட்ல பதில் இருக்கு.

இயன் போத்தம். அன்னைக்கு இங்கிலாந்துல அவரை மிஞ்சின ஆட்டக்காரர் கிடையாது. கேப்டன் ஆக்குனாங்க. 12 டெஸ்ட், ஒரு வெற்றி கூட இல்ல. 1981 லார்ட்ஸ்ல ரெண்டு இன்னிங்ஸும் டக். ராஜினாமா. அடுத்த டெஸ்ட் ஹெடிங்லியில மைக் பிரயர்லியைக் கூட்டிட்டு வந்தாங்க. பிரயர்லியோட மொத்தக் கணக்கு 39 டெஸ்ட், சராசரி 22.88, ஒரு சதம் கூட கிடையாது. வெறும் பேட்ஸ்மேனா பாத்தா டீம்ல இடமே கிடைக்காது. ஆனா கேப்டனா 31 டெஸ்ட்ல 18 வெற்றி, தோல்வி நாலே நாலு.

ஹெடிங்லியில இங்கிலாந்து ஃபாலோ ஆன். போத்தம் 149 நாட் அவுட். ஆஸ்திரேலியாவுக்கு 130 எடுத்தா போதும். பாப் வில்லிஸை நோ பால் பத்திக் கவலைப்படாம வேகமா போடச் சொல்லி, சரிவு இறங்கற முனைக்கு மாத்தினாங்க. 43 ரன்னுக்கு 8 விக்கெட். 111 ஆல் அவுட், 18 ரன்ல ஜெயிச்சாங்க.

அதே போத்தம், அதே வில்லிஸ். கேப்டன்சியை எடுத்ததும் போத்தம் மறுபடி போத்தம் ஆனாரு. நம்ம சச்சின் கதையும் அதேதான், 25 டெஸ்ட் கேப்டன், 4 வெற்றி. அதுக்காக சச்சின் மதிப்பு குறைஞ்சுதா? மைக்ரான், நீங்க போத்தம். திரும்பிப் போங்க, தப்பே இல்ல.

கிராண்டர்

//நீங்க போத்தம். திரும்பிப் போங்க//

கேக்க நல்லா இருக்கு, ஷாப் ஃப்ளோர்ல செல்லாது. பிரயர்லிக்குக் கீழ இருந்தவங்க தேசிய அணிக்கு ஆடறவங்க. அவங்களுக்கு பேட் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதில்ல. எங்க லைன்ல பாதிப் பேர் நேத்து சேந்த கான்ட்ராக்ட் பசங்க, அதுல பாதிக்கு மேல மொழியே வேற. மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியாத சூப்பர்வைசர் வந்து நின்னா அரை மணி நேரத்துல ஆழம் பாத்துருவாங்க. "சார், டூல் போச்சு"ன்னு சொல்லி மிசினை நிறுத்தி வெச்சா அது நிஜமா பொய்யான்னு அவருக்குத் தெரியாது. கைவேலை தெரிஞ்சவன்தான் இங்க நிக்க முடியும்.

லாங்_ஆன்

நான் கைவேலை தெரியாதவன் வரணும்னு சொல்லவே இல்லையே. கைவேலையில முதல் ஆளா இருக்கறதும் மத்தவங்களை ஆட வைக்கறதும் வேற வேறன்னுதான் சொன்னேன். பிரயர்லியும் கிரிக்கெட் தெரியாதவர் இல்ல.

கிராண்டர்

அப்ப திரும்பிப் போங்கன்னு ஏன் சொன்னீங்க?

ஸ்பிரின்ட்_சீனு

நண்பர்களே, நான் ஐ.டி. எங்க கம்பெனியில எல்லாருக்கும் கிளிஃப்டன் பலங்கள் தேர்வு எழுத வெச்சாங்க. 177 ஜோடி வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 20 நொடி. மொத்தம் 34 தலைப்பு, அதுல நம்மளோட முதல் அஞ்சு என்னன்னு வந்துரும். எனக்கு 'லேர்னர்' முதல்ல வந்துச்சு. மைக்ரான் அதை எழுதிப் பாக்கலாம். அப்புறம் எங்க பக்கம் ரெண்டு ஏணி உண்டு. மேனேஜர் ஆக விரும்பாதவங்க ஆர்க்கிடெக்ட்னு தொழில்நுட்பத்துலயே ஏறிட்டுப் போகலாம், சம்பளமும் சமமா வரும். உங்க கம்பெனியில அப்படி ஒரு ஏணி கேட்டுப் பாருங்களேன்.

பி.எஃப்._புலி

சிட்கோ தொழிற்பேட்டையில ஏணி கேட்டா பல்பு மாத்தவான்னு கேப்பாங்க.

கிராண்டர்

😂😂

ஸ்பிரின்ட்_சீனு

சிரிங்க. ஆனா டூல் ரூம்ல, மோல்டு ஷாப்புல அந்த ஏணி இருக்கத்தானே செய்யுது? டூல் ரூம் மாஸ்டருக்கு மேனேஜரை விட அதிகச் சம்பளம் குடுக்கற இடம் எனக்கே தெரியும். என் மாமா அப்படித்தான் ஓய்வு பெற்றார்.

பி.எஃப்._புலி

அது சரி. அதுக்கு என் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கறேன்.

வார்டு_அக்கா (மதுரை)

தம்பி மைக்ரான், நான் ஆஸ்பத்திரி ஆளு, மிசினெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும் எங்க வார்டுதான் ஞாபகம் வந்துச்சு.

குழந்தைகள் வார்டுல வெயின் போடறதுன்னு ஒரு வேலை. நீர்ச்சத்து வத்திப்போன பச்சப்புள்ளைக்கு வெயின் கிடைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எங்ககிட்ட ஒரு சிஸ்டர் இருந்தாங்க. டார்ச் லைட்டைக் குட்டிக் கையோட அடிப்பக்கம் வெச்சு, விரலால ஒரு தடவு தடவிப் பாத்துட்டுக் குத்தினாங்கன்னா ஒரே குத்துதான். மத்த வார்டுல இருந்தெல்லாம் ஃபோன் வரும், "சிஸ்டரைக் கொஞ்சம் அனுப்புங்க"ன்னு. அவங்களுக்கும் பெருமைதான். யாருமே அதைக் குறையாப் பாக்கல.

அவங்களை இன்சார்ஜ் ஆக்குனாங்க. அப்புறமும் வெயின்னா அவங்கதான். புதுசா வந்த பிள்ளைகள் ஒரு தடவை குத்திப் பாப்பாங்க, கிடைக்கலன்னா அடுத்த நிமிஷம் "இன்சார்ஜ் அக்காவைக் கூப்பிடு". அவங்க வந்து குத்திட்டுப் போயிருவாங்க. புள்ளை அழும்போது பாடம் நடத்த முடியுமா, அதுவும் நியாயம்தான். ஆனா அவங்க மாற்றலாகிப் போன வாரம் எங்க வார்டு பட்ட பாடு இருக்கே.

நான் சொல்ல வந்தது என்னன்னா, உங்களுக்குக் கம்யூனிகேஷன் குறைவுன்னு உங்க மேனேஜர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தெரியல. நீங்க போய் ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறீங்க பாருங்க, அதனால அந்தப் பையனுக்கு எதுவுமே தெரியாமப் போகுது. பேச்சு வகுப்புக்குப் போனா இது சரியாகுமா?

மைக்ரான்

அக்கா, அப்படியே எங்க லைனைப் பாத்தாப்ல சொல்லிட்டீங்க. ஆனா உண்மையைச் சொல்லட்டுமா, அந்தப் பையன் பக்கத்துல நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தா அதுக்குள்ள இன்னும் நாலு பீஸ் ரிஜெக்ட் ஆயிரும். ஷாப்புல அதுக்குக் கணக்குக் கேப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு, கொஞ்சம் கூச்சமா இருக்கு சொல்றதுக்கு. சத்தம் கேட்டுச் சொல்றதுதான் என் சரக்கே. அதையும் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?

பி.எஃப்._புலி

இந்தப் பயம் நியாயமான பயம். யாரும் அதை "நெகட்டிவ் திங்கிங்"னு தட்டி விடாதீங்க.

பாடி_பெரியவர்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பாடி, அம்பத்தூர் பக்கத் தொழிற்சாலைகளில் பயிற்சிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1998இல் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு (தரத்துக்கான ஜப்பானிய விருது) வாங்கியபோது அந்த வட்டாரமே அதைப் பற்றித்தான் பேசியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது அவர்கள்தான். நான் அந்த நிறுவனத்தில் இல்லை, அக்கம்பக்கத்தில் இருந்தேன். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு முதலாளியும் "நமக்கும் அந்த மாதிரி ஏதாவது வேண்டும்" என்று எங்களை விரட்டியதால் நாங்களும் நிறையக் கற்றுக்கொண்டோம்.

தம்பி, உங்கள் கேள்வி 80 வருடத்துக்கும் மேல் பழசு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அளவில் வந்தது. அனுபவசாலிகள் போருக்குப் போய்விட்டார்கள், ஆலைகளில் புதியவர்கள். மிஞ்சிய கைதேர்ந்தவர்களை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள், அவர்களுக்கோ சொல்லித் தரத் தெரியவில்லை. 1940 முதல் 1945 வரை டி.டபிள்யூ.ஐ. (ஆலைக்குள்ளேயே பயிற்சி) என்று அரசே ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அதை மறந்துவிட்டது. ஜப்பான் எடுத்துக்கொண்டது. டொயோட்டாவில் இன்று வேலை கற்றுக்கொடுக்கும் முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதில் மூன்று பாடங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது கற்றுக்கொடுக்கும் பாடம். நான்கே படி. ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவனைச் செய்ய விடுவது, பின்தொடர்வது. படிகளைக் கேட்டால் "இதென்ன பெரிய விஷயம்" என்று தோன்றும். சூட்சுமம் இரண்டாவது படியில் இருக்கிறது. ஒரே வேலையை மூன்று முறை செய்து காட்ட வேண்டும். முதல் முறை என்ன செய்கிறோம் என்பதை மட்டும் சொல்லி. இரண்டாம் முறை அதே வேலை, இப்போது கவனிக்க வேண்டிய நுணுக்கத்தையும் சேர்த்து. மூன்றாம் முறை அந்த நுணுக்கம் ஏன் என்ற காரணத்துடன். பிறகு பையன் செய்யும்போது அவன் வாயாலேயே மூன்றையும் சொல்ல வைக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் செய்துவிட்டுப் போவார்கள். நீங்கள் இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

கற்கிறவன் கற்கவில்லை என்றால் சொல்லிக் கொடுத்தவன் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம் என்பது அவர்களுடைய தாரக மந்திரம். எனக்கு அது முழுக்க உடன்பாடில்லை. கற்க மனமில்லாத ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை தொடங்கும்போது அப்படி நினைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

மேனேஜர் சொன்ன 'கம்யூனிகேஷன்' விஷயம். மேடையில் பேசுவது உங்களுக்குத் தேவையில்லை. டி.டபிள்யூ.ஐ.யின் மற்றொரு பாடம் ஆட்களோடு உள்ள உறவு பற்றியது. அதற்கு நான்கு அடித்தளம் வைத்தார்கள்: அவன் வேலை எப்படி இருக்கிறது என்று அவனுக்கே சொல்வது, நன்றாகச் செய்தால் உடனே பாராட்டுவது, அவனைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது, அவனிடம் உள்ள திறமையை முழுதாகப் பயன்படுத்துவது. இதில் பேச்சு வகுப்புக்குப் போய்க் கற்க வேண்டியது எது? மிஷின் மாற்றிப் போடுவதை ஷிப்ட் நடுவில் கத்திச் சொல்லாமல் முந்தின நாளே சொன்னால் அதுதான் கம்யூனிகேஷன்.

இல்லாததை வளர்ப்பதா, இருப்பதை வளர்ப்பதா என்றீர்கள். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்னதுதான் என் கட்சியும். திறமையே இல்லாத இடத்தைச் சுமாராக்க ஆகும் உழைப்பு, ஏற்கெனவே நன்றாக வருவதை மிகச் சிறப்பாக்க ஆவதைவிட அதிகம். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: உங்கள் பலத்தை ஓடவிடாமல் தடுக்கும் கெட்ட பழக்கம் இருந்தால் அதை மட்டும் கட்டாயம் திருத்திக்கொள்ளுங்கள் என்று. ரிப்போர்ட்டை ஷிப்ட் முடிந்தபின் எழுதுவது அந்த வகை. ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறுவது அந்த வகை அல்ல.

ஸ்பிரின்ட்_சீனு

ஐயா, அதே டிரக்கர்தான் பலம் எதுன்னு கண்டுபிடிக்கவும் வழி சொன்னார், இல்லையா? முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும்னு எதிர்பாக்கறோம்னு எழுதி வெச்சு, ஒன்பது, பன்னிரண்டு மாசம் கழிச்சு எடுத்துப் பாக்கறது.

பாடி_பெரியவர்

ஆமாம். உங்கள் 177 கேள்வியைவிட அது எனக்குப் பிடித்தது. தேர்வில் நாம் நம்மைப் பற்றி நினைப்பதைத்தான் எழுதுவோம். நோட்டில் எழுதி வைத்தது பின்னாடி வந்து நம்மைக் கேட்கும்.

கிராண்டர்

ஐயா, நாலு படி சரி. நட்டு முடுக்கறதுக்கு அது சரியா வரும். சத்தம் கேக்கறதை எப்படி நாலு படியில சொல்லித் தர்றது? அது காது. வந்தா வரும், வராட்டி வராது.

மைக்ரான்

அதேதாங்க என் சந்தேகமும். எனக்கே அது எப்படி வந்துச்சுன்னு தெரியாது.

பாடி_பெரியவர்

தெரியாது என்று யார் சொன்னது? கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். இன்சர்ட் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தில் தெரிகிறது. போய்ப் பார்க்கும்போது வேறு எதையெல்லாம் பார்க்கிறீர்கள்?

மைக்ரான்

சிப் (சீவி விழற உலோகத் துணுக்கு) பாப்பேன்ங்க. நல்ல இன்சர்ட்டா இருந்தா சிப் ஒரே மாதிரி சின்னச் சின்னதா ஒடிஞ்சு விழும். தேஞ்சிருச்சுன்னா சுருள் மாறி நீளமா இழுக்கும், நிறமும் வேற மாதிரி ஆகும். ஸ்க்ரீன்ல ஸ்பிண்டில் லோடு (சுத்தற தண்டு மேல விழற பளு) வழக்கத்தை விட ஏறி நிக்கும். ஜாப்பை எடுத்தா ஓரத்துல பர் (பிசிறு) அதிகமா இருக்கும், ஃபினிஷ் மங்கும். டூல் தேயத் தேய போர் சின்னதாகும், வெளி விட்டம் பெருசாகும். கடைசி அஞ்சாறு பீஸ் ரீடிங் ஒரே பக்கமா நகந்திருந்தா தேய்மானம். ஒரே பீஸ்ல மட்டும் எகிறினா அது தேய்மானம் இல்ல, சக்குல சிப் மாட்டியிருக்கும், இல்ல ஜாப் சரியா உக்காந்திருக்காது.

பாடி_பெரியவர்

இப்போது நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படியுங்கள். காது என்றீர்களே, அதில் காது எவ்வளவு இருக்கிறது?

சத்தம் உங்களை எழுப்புகிறது, அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்வது சிப்பும் லோடும் பர்ரும் ரீடிங்கும். அந்த நான்கையும் எந்தப் பையனும் கற்கலாம். ஒரு தாளில் எழுதி மிஷின் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நல்ல சிப், கெட்ட சிப் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு அதற்குப் பக்கத்திலேயே தொங்க விடுங்கள். காதும் வரும். தேய்ந்த இன்சர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, கழிவுத் துண்டில் அதை ஓட்டிக் காட்டி, உடனே புதியதை ஓட்டிக் காட்டுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியாத காது கிடையாது. ஆனால் ஓடுகிற உற்பத்தியில் அதைச் செய்யாதீர்கள், ரிஜெக்ஷன் என்று உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். செட்டிங் மாற்றும் நேரம்தான் பாடத்துக்கு நேரம்.

கிராண்டர்

சிப்பைப் பையில் போட்டுத் தொங்க விடறது நல்ல யோசனை. திருடிக்கறேன்.

பி.எஃப்._புலி

எல்லாம் சரி, அவரோட இன்னொரு கேள்வி அப்படியே நிக்குது. எல்லாத்தையும் கத்துக் குடுத்துட்டா அவர்கிட்ட என்ன மிஞ்சும்?

வார்டு_அக்கா

எங்க ஊர்லயே இதுக்கு ஒரு பதில் இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனை.

டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில இருந்து 58 வயசுல ஓய்வு பெற்று 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. இளவயசுலயே மூட்டுவாதம் வந்து விரலெல்லாம் கோணிப் போனவர். அந்தக் கையை வெச்சே கண் ஆபரேஷன் கத்துக்கிட்டார். அதைத்தான் எல்லாரும் பெருசாச் சொல்லுவாங்க. எனக்குப் பெருசாத் தெரியறது வேற.

அங்க சர்ஜன் முன்னாடி ரெண்டு மேசை. ஒரு மேசையில ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில அடுத்த நோயாளி தயாரா இருப்பார். இதை முடிச்சதும் சர்ஜன் அந்தப் பக்கம் திரும்பிக்குவார். கண்ணைச் சுத்தம் பண்றது, மருந்து ஊத்தறது, அளவெடுக்கறது, தைரியம் சொல்றது எல்லாம் பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்க. ரெண்டு வருஷம் அங்கேயே பயிற்சி குடுத்து எடுத்துக்கறாங்க. டாக்டர் மட்டுமே செய்ய முடிஞ்ச அந்தச் சில நிமிஷ வேலை எதுவோ, அதை மட்டும் டாக்டர் செய்யறார். டாக்டர் வெங்கடசாமி மெக்டொனால்ட்ஸ் கடையைப் பாத்துத்தான் இப்படி யோசிச்சதாச் சொல்லுவாங்க. பர்கர் கடைக்கும் கண்ணாஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுல சர்ஜனோட மதிப்பு குறைஞ்சுதா? மத்த வேலையெல்லாம் கையை விட்டுப் போனதாலதான் அவர் கை அவ்வளவு கண்ணைத் தொடுது. தம்பி, ஆறாம் நம்பர் மிசின்ல இன்சர்ட் மாத்தறதா உங்க சரக்கு? புது ஜாப் முதல் பீஸ்லயே ஓகே ஆகறதா?

மைக்ரான்

முதல் பீஸ்தாங்க்கா. புது டிராயிங் வந்தா ராத்திரி தூக்கம் வராது எனக்கு. இப்ப அதுக்கு உக்கார நேரமே கிடைக்கறதில்ல, அதை வேற செட்டர்தான் பாக்கறாரு.

வார்டு_அக்கா

பாத்தீங்களா. கையில இருந்து நழுவ வேண்டாத வேலை நழுவிருச்சு, நழுவ வேண்டிய வேலை ஒட்டிக்கிட்டு இருக்கு.

பி.எஃப்._புலி

அக்கா, அரவிந்த் ரொம்ப நல்ல உதாரணம், ஆனா அங்க ஆரம்பிச்சவரும் சர்ஜன், நடத்துனவங்களும் அவர் குடும்பத்து சர்ஜன்கள். தான் விட்டுக் குடுத்த வேலையால மிஞ்சின நேரம் தனக்கே வரும்னு அவங்களுக்குத் தெரியும். மைக்ரானோட முதலாளி அப்படியா? நாலு பேருக்குக் கத்துக் குடுத்த மறுமாசம் "இப்ப உன் சம்பளத்துக்கு ரெண்டு பேர் போட்டுக்கலாமே"ன்னு கணக்குப் போட்டா? நான் பாத்திருக்கேன்.

பாடி_பெரியவர்

நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்தை நான் மறுக்கவில்லை. ஆகவே சும்மா கற்றுக்கொடுக்காதீர்கள். முதலில் மேனேஜரிடம் போங்கள். "லீவில் உற்பத்தி படுக்கிறது என்றீர்கள், அதைச் சரி செய்கிறேன். மாதம் ஒரு ஆளைத் தயார் செய்கிறேன். அதற்குப் பதில் புது ஜாப் டெவலப்மென்ட் எனக்கு வேண்டும்" என்று கேளுங்கள். வாயால் மட்டும் கேட்காமல் மெயிலிலும் போடுங்கள். அடுத்த அப்ரைசலில் அந்த மூன்று தலைப்புக்குப் பதிலாக "எத்தனை பேரைத் தனியாக ஓட்ட வைத்தார்" என்று ஒரு வரி இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் நல்ல இடம். மழுப்பினால் உங்கள் கைவேலைக்குக் கோவையில் இடமா இல்லை?

லாங்_ஆன்

என் போத்தம் ஆலோசனையில பாதியை வாபஸ் வாங்கறேன். மீதிப் பாதி நிக்குது. இவ்வளவும் பண்ணிப் பாத்துட்டு ஆளுங்களை மேய்க்கறதே பிடிக்கலைன்னா செட்டராத் திரும்பறது அவமானம் இல்ல.

அடிசன்பேட்டை

அதான் மரியாதை போயிரும்னு முதல்லயே சொன்னேனே.

லாங்_ஆன்

யாரு மரியாதைங்க? 😀

மைக்ரான்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்.

பெரியவர் ஐயா சொன்னபடி மேனேஜர்கிட்ட பேசுனேன். பேசறதுக்கு முன்னாடி மெயிலை எழுதி வெச்சுக்கிட்டேன், அதனால வாய் குழறல. புது ஜாப் தர்றதுக்கு ஒத்துக்கிட்டாரு, ஆனா "இந்தக் காலாண்டு முடியட்டும்"ங்கறாரு. அப்ரைசல் வரியைப் பத்திக் கேட்டதுக்கு எச்.ஆர். கிட்டக் கேக்கணும்னு சொல்லிட்டாரு. ஓ.டி. பத்திக் கேட்டதுக்குச் சிரிச்சாரு. புலி அண்ணா, நீங்க சொன்ன சட்டமெல்லாம் எடுக்கல, தேவைப்பட்டா எடுப்பேன்.

பேச்சு வகுப்பை நிறுத்திட்டேன்ங்க. மேனேஜர் ஒண்ணும் சொல்லல.

ஆறாம் நம்பர் மிசின்ல ஒடிசா பையன் ஒருத்தன். தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அதைவிட அரைகுறை. சிப்பைப் பையில போட்டு மாட்டுனது அவனுக்குத்தான் நல்லாப் பிடிச்சுது, மொழியே வேண்டியதில்ல பாருங்க. லோடு மீட்டர்ல எங்க வரைக்கும் போலாம்னு மார்க்கர்ல கோடு போட்டுட்டேன். இப்பெல்லாம் ஆஃப்செட் அவனே குடுக்கறான். ஒரு நாள் தப்பாக் குடுத்துக் கொஞ்சம் பீஸ் போச்சு. அன்னைக்கு நான் போயி மிசினைத் தொடாம நின்னதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். அவனே கண்டுபிடிச்சான், மைனஸ் போட வேண்டிய இடத்துல பிளஸ் போட்டிருக்கான்.

ஒன்பதாம் நம்பர்ல இருக்கறவரு என்னை விட சீனியர். அவருக்குச் சொல்லித் தரப் போனா "நீ எனக்குச் சொல்றியா"ங்கறாரு. அது இன்னும் அப்படியேதான் இருக்கு.

வார்டு_அக்கா

அவருகிட்ட சொல்லித் தரப் போகாதீங்க தம்பி. அவரை இன்னொரு பையனுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க. "அண்ணே, இவனை நீங்கதான் தேத்தணும்"னு. மத்ததை அவரே பாத்துக்குவார்.

மைக்ரான்

இது தோணவே இல்லைங்க்கா. திங்கக்கிழமை கேட்டுப் பாக்கறேன்.

இன்னொரு சந்தேகம். யாருக்கு என்ன தெரியும்னு ஸ்கில் மேட்ரிக்ஸ் போடச் சொல்றாங்க. ஐ, எல், யு, ஓன்னு போடறதுல எதுக்கு எதுன்னு சரியாச் சொல்லுங்க.

கிராண்டர்

கத்துட்டு இருக்கான்னா ஐ. யாராவது பாத்துக்கிட்டா செய்வான்னா எல். தனியாச் செய்வான்னா யு. அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுப்பான்னா ஓ. ஆடிட்டர் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாருக்கும் ஓ போட்டு லேமினேட் பண்ணி மாட்டிருவாங்க, அது தனிக் கதை.

பாடி_பெரியவர்

லேமினேட் செய்யாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள், மாதாமாதம் மாற வேண்டியது அது. கான்ட்ராக்ட் பையன்களின் பெயரையும் போடுங்கள். "நிரந்தர ஆள் மட்டும் போதும்" என்று சொல்லுவார்கள். மிஷினை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தானே?

மைக்ரான்

போட்டாச்சுங்க. அந்த ஒடிசா பையனுக்கு யு.

கிராண்டர்

உங்களுக்கு என்ன போட்டீங்க?

மைக்ரான்

ஆறாம் நம்பர்ல ஓ. ஒன்பதாம் நம்பர்ல இன்னும் யுதான்.